‘தற்காப்புக்காகச் சுட்டோம்’: இந்த ஒரு வரியைச் சோதிக்க எந்த அரசு கவுன்டர் உதவும்? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு மதிப்பீடு

போலீஸ் என்கவுன்டரில் ஒருவர் இறந்தால் செய்திக்குறிப்பு எப்போதும் ஒரே அச்சில்தான் வரும். ஒளித்துவைத்த ஆயுதத்தைக் கைப்பற்ற அழைத்துச் சென்றபோது போலீசைத் தாக்கிவிட்டுத் தப்ப முயன்றார், எச்சரித்தும் கேட்கவில்லை, தற்காப்புக்காகச் சுட்டதில் காயமடைந்தார், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்ட கதைக்கு இது மூத்த அண்ணன். சில நேரம் இது உண்மையாகவும் இருக்கும். அரிவாளோடு பாய்ந்தவனைச் சுட்டுத் தன் உயிரைக் காத்துக்கொண்ட போலீஸ்காரர்களும் உண்டு. எது எதுவென்று டிவி விவாதத்தில் தெரியாது. அன்றைய தினம் வெவ்வேறு கைகள் எழுதிய தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும். அந்தத் தாள்களைத் தரும் அரசு சேவைகளைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்: எது சீக்கிரம் கிடைக்கிறது, அதில் எந்தக் கட்டத்தைப் படிக்க வேண்டும், எங்கே சிக்கும்.

முதல் இடம் போலீஸ் ஸ்டேஷனுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் எழுதும் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) பதிவுதான் மொத்தக் கோப்பிலும் போலீஸ் அல்லாத ஒருவர் எழுதும் முதல் தாள். எத்தனை மணிக்கு வந்தார், யார் கொண்டுவந்தார், என்ன நடந்ததாகக் கொண்டுவந்தவர் சொன்னார், வரும்போது உயிர் இருந்ததா என நான்கும் அதில் இருக்கும். செய்திக்குறிப்பு ‘சிகிச்சை பலனின்றி’ என்கிறது, ஏ.ஆர். ‘கொண்டுவரும்போதே இறந்திருந்தார்’ என்கிறது என்றால் கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது. சம்பவ இடத்திலிருந்து வழியில் எத்தனை ஆஸ்பத்திரி தாண்டி வந்தார்கள் என்பதையும் கணக்குப் பாருங்கள். தக்கலையில் ஒரு அரசு மருத்துவமனை இருக்க, அதைக் கடந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை வண்டி வந்திருந்தால் அதற்குக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது பிரேதப் பரிசோதனை. 2014 செப்டம்பர் 23 அன்று பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) எதிர் மகாராஷ்டிரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 16 வழிமுறைகளில் இதுவும் ஒன்று: மாவட்ட மருத்துவமனையில் இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், முடிந்தவரை அவர்களில் ஒருவர் அந்த மருத்துவமனையின் தலைவராக இருக்க வேண்டும், முழுவதையும் வீடியோ எடுத்துப் பாதுகாக்க வேண்டும். உடலைத் திறக்கும் முன் முழு எக்ஸ்ரே, அறிக்கையும் வீடியோவும் குடும்பத்துக்கு, மறுபரிசோதனை கேட்டு உயர் நீதிமன்றம் போக நினைப்பவர்களுக்கு 48 மணி நேர அவகாசம் என்று காவல் மரணங்களுக்காக மதுரை அமர்வு 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. இவற்றை வாயால் கேட்காதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியும் நேரமும் போட்டுப் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். மாவட்ட மருத்துவமனையில் கேட்டால் டீனுக்கோ கண்காணிப்பாளருக்கோ ஒன்று, ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்டாட்சியர்) ஒன்று. மறுபரிசோதனை வேண்டுமென்றால் எரிக்காதீர்கள். புதைத்தால் பிறகு தோண்டி எடுக்கலாம், சாம்பலிடம் ஒன்றும் கேட்க முடியாது.

அறிக்கை கையில் வந்ததும் ‘இறப்புக்குக் காரணம்’ என்ற கடைசி வரிக்குத் தாவுவது எல்லோரும் செய்யும் தப்பு. சுடப்பட்டு இறந்தார் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதானே. படிக்க வேண்டியது வெளிக்காயங்களின் வரிசை. குண்டு நுழைந்த இடம் பெரும்பாலும் சிறிதாக, ஓரத்தில் தோல் உராய்ந்த வளையத்தோடு இருக்கும். வெளியேறிய இடம் பெரிதாக, ஒழுங்கில்லாமல் கிழிந்திருக்கும். காயத்தைச் சுற்றிக் கரும்புகை படிந்திருந்தால் துப்பாக்கி ஏறக்குறைய ஒரு அடிக்குள் இருந்திருக்கிறது. எரியாத வெடிமருந்துத் துகள்கள் புள்ளி புள்ளியாய்த் தோலில் குத்தியிருந்தால், கைத்துப்பாக்கி என்றால் சுமார் இரண்டு அடிக்குள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தக்கபடி இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ‘பத்து மீட்டர் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்’ என்ற கதையும் இந்தப் புள்ளிகளும் ஒரே கோப்பில் சேர்ந்து இருக்க முடியாது. ஆனால் தோல் சுத்தமாக இருப்பதால் தூரத்திலிருந்து சுட்டார்கள் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது, சட்டை அந்தப் புகையைக் குடித்திருக்கும். அதனால்தான் உடுப்பு முக்கியம். ரத்தம் தோய்ந்த துணியை நிழலில் உலர்த்தித் தாள் உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம்மூர் ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பூத்துவிடும். துணி எந்தத் தேதியில் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போனது என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

குண்டு போன பாதையையும் பாருங்கள். மேலிருந்து கீழாக, தோளில் நுழைந்து இடுப்புப் பக்கம் போயிருக்கிறது, இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள் என்று எஃப்.ஐ.ஆர். சொல்கிறது என்றால், இறந்தவர் குனிந்தோ உட்கார்ந்தோ இருந்திருக்க வேண்டும். முதுகில் நுழைந்திருப்பது மட்டுமே கொலை என்பதற்கு ஆதாரம் ஆகாது, மனிதன் நொடியில் திரும்புவான். ஆனால் ஓடுகிறவன் தாக்குகிறவன் அல்ல. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சுமத்தப்படாத ஒருவரை, கைது செய்வதற்காக என்று சொல்லிக் கொல்ல உரிமை இல்லை என்று பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 43-வது பிரிவு சொல்கிறது. பிரேத விசாரணை (அறுக்கும் முன் உடலைப் பார்த்து எழுதும் பதிவு) நேரத்தில் உடல் முழுதும் விறைத்திருந்தது என்று எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விறைப்பு முகத்தில் தொடங்கிக் கால்வரை பரவப் பல மணி நேரம் ஆகும். காலை ஆறு மணிக்குச் சுட்டதாகச் சொல்லும் உடல் ஏழு மணிக்குக் கட்டையாய்க் கிடக்க வழியில்லை.

மேற்கு எல்லைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். களியக்காவிளை, குழித்துறைப் பக்கத்துக் காயக்காரர்களை திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவது சாதாரணம். அங்கே உயிர் போனால் பிரேத விசாரணை பெரும்பாலும் கேரள போலீஸ் கைக்குப் போகும், அறுப்பது கேரள டாக்டர். குடும்பத்துக்கு இது அலைச்சல்தான்: தாள்கள் மலையாளத்தில் வரும், தகவல் உரிமை மனுவும் அந்த மாநில விதிப்படி போட வேண்டும். ஆனாலும் சுட்டவர்களோடு ஒரே உணவகத்தில் டீ குடிக்காத ஒரு கண் அந்த உடலைப் பார்த்திருக்கிறது. அந்தத் தாள் கிடைக்கும் என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதை வாங்குங்கள்.

இனி எஃப்.ஐ.ஆர். தமிழ்நாடு போலீசின் இணைய சேவை எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே உழைக்கிறது. மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, எண் கொடுத்தால் நகல் இறங்கும். 2016-ல் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 24 மணி நேரத்தில் பதிவேற்றச் சொன்னது; வலை இணைப்பு சரியில்லாத இடங்களுக்கு அதிகபட்சம் 72 மணி. எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ஸ்டேஷனில் ஆண்டு முழுவதும் எண்கள் வரிசையாகத்தான் ஓடும். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒன்று மட்டும் திறக்காவிட்டால் அதை ‘உணர்வுபூர்வமானது’ என்று மூடி வைத்திருக்க வாய்ப்பு உண்டு. அதற்கு எழுத்தில் நகல் கேட்க வேண்டும். பத்துக்கு ஏழு மார்க் கொடுக்கலாம்.

எஃப்.ஐ.ஆரில் எல்லோரும் படிப்பது கதைப் பகுதி. அதை விடுங்கள், அது பழகிய கை எழுதியது. மூன்றாவது கட்டத்தில் சம்பவ நேரம், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம், பொது நாட்குறிப்பு (ஸ்டேஷனின் அன்றாட நிகழ்வுப் பதிவேடு) எண் இருக்கும். ஐந்தில் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர் என்று இருக்கும். ஆறில் புகார்தாரர்; பல நேரம் அது சுட்ட அதிகாரியே. கடைசியில், நீதிமன்றத்துக்கு எப்போது அனுப்பினார்கள் என்ற கட்டம். காலை ஆறு மணிச் சம்பவத்தின் எஃப்.ஐ.ஆர். இரணியலிலோ குழித்துறையிலோ உள்ள மாஜிஸ்திரேட் மேசைக்கு மறுநாள் மாலைதான் போனது என்றால், நடுவே இருக்கும் நேரத்தில் எழுதித் திருத்த இடம் இருந்திருக்கிறது. நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்திட்டுப் போடும் நேரம் அந்தக் கட்டத்தில் இருப்பதைவிட நம்பகமானது. அதற்கு நகல் மனு போட வேண்டும். பிரிவுகளையும் கவனியுங்கள். இறந்தவர் மேல் கொலை முயற்சியும் அரசு ஊழியரைத் தடுத்த குற்றமும் போட்டு ஒரு எஃப்.ஐ.ஆர். இருக்கும். அந்த மரணத்துக்கென்று ஒரு வழக்கு இருக்கிறதா? அந்த ஸ்டேஷனே விசாரிக்கிறதா? சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷனின் அணியோ, சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படி மேலான அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும் என்பது 2014 தீர்ப்பு.

யாருடைய விசாரணை என்பதைத் தீர்மானிப்பது போலீஸ் கதையின் முதல் வரிதான், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ‘ஆயுதம் எடுக்க அழைத்துச் சென்றோம்’ என்று சொன்னால் அவர் காவலில் இருந்தார் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகிறது. அப்படியென்றால் பி.என்.எஸ்.எஸ். 196(2)-ன் கீழ் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். ‘வாகனச் சோதனையில் தப்ப முயன்றார்’ என்றால் காவலில் இல்லை என்று வாதாட வழி கிடைக்கும், கோப்பு ஆர்.டி.ஓ. பக்கம் நகரும். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரண்டு வருவாய்க் கோட்டங்கள். எப்படிப் போனாலும் மாஜிஸ்திரேட் விசாரணை இல்லாமல் விடக் கூடாது என்பதும் அதே 2014 தீர்ப்பில் இருக்கிறது. உறவினர்களுக்குத் தகவல் சொல்லி விசாரணையில் உடனிருக்க விட வேண்டும். கிராமத்தில் தண்டோரா போட்டோ அலுவலகப் பலகையில் ஒட்டியோ ‘தெரிந்தவர்கள் வந்து சாட்சி சொல்லலாம்’ என்று விடும் அறிவிப்பை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

ஆயுதம் எடுக்கப் போன கதை என்றால் இன்னும் சில கேள்விகள் தாமாக வந்து விழும். பறிமுதல் என்றால் மகஜர் (கைப்பற்றியதை அங்கேயே எழுதும் பதிவு) வேண்டும், மகஜருக்குச் சாட்சி வேண்டும், பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் உதவியாளரும் வருவார்கள். அவர்கள் அந்த ஜீப்பில் இருந்தார்களா? இல்லாமல் விடிகாலை நாலு மணிக்குப் போனது எதற்கு? 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவு தேடுதலையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவு எங்கே? கைவிலங்கு போட அதே சட்டம் சில வகைக் குற்றவாளிகளுக்கு அனுமதி தருகிறது, இவருக்கு ஏன் போடவில்லை? ஐதராபாத் அருகே 2019 டிசம்பரில் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, போலீசார் கண்ணில் மண்ணைத் தூவித் துப்பாக்கியைப் பறித்தார்கள் என்றது அதிகாரப்பூர்வக் கதை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல் அந்தக் கதையை நம்ப முடியாது என்று தள்ளிவிட்டது.

சம்பவ இடத்துக்கென்று கவுன்டர் கிடையாது, ஆனால் அதுவும் ஒரு தாள்தான். குமரியில் நிலம் ஊருக்கு ஊர் மாறும், போலீஸ் வரையும் சம்பவ இட வரைபடமான ரஃப் ஸ்கெட்சைச் சோதிக்க இது வசதி. ரப்பர் தோட்டத்தில் மரங்கள் நேர்கோட்டில் நிற்கும். ஸ்கெட்சில் காட்டிய இரண்டு புள்ளிகளில் ஆளை நிறுத்திப் பார்த்தால் ஒருவருக்கு ஒருவர் தெரிகிறாரா என்பது ஐந்து நிமிட வேலை. தவறிய குண்டு ரப்பர் மரத்தில் பட்டிருந்தால் அந்தக் காயத்திலிருந்து பால் வடிந்து கீழ்நோக்கிக் கோடாய் உறைந்திருக்கும்; பால் வெட்டும் சாய்கோட்டோடு அதைக் குழப்பிக்கொள்ள முடியாது, பால்வெட்டுத் தொழிலாளி ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். கடற்கரை மணலில் காலி தோட்டா புதைந்துவிடும். பித்தளையைக் காந்தம் இழுக்காது, உலோகம் கண்டறியும் கருவிதான் வேண்டும். இன்னொன்று: பிஸ்டல் என்றால் சுட்ட காலித் தோட்டா வெளியே தெறித்து விழும், ரிவால்வர் என்றால் உள்ளேயே தங்கும். ரிவால்வரால் ஒரு முறை சுட்டார் என்று சொல்லிவிட்டு, தரையில் காலித் தோட்டா எடுத்ததாக மகஜர் எழுதியிருந்தால் நின்று படியுங்கள். சித்திரை, வைகாசி விடியலுக்கும் மார்கழி விடியலுக்கும் நேர வித்தியாசம் உண்டு. ‘இருட்டில் ஆள் தெரியவில்லை’ என்ற வரியை அன்றைய சூரிய உதயத்தோடும் நிலவோடும் ஒப்பிட ஒரு நாட்காட்டி போதும்.

தகவல் உரிமைச் சட்டம்: பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தமிழிலேயே எழுதலாம், இணையவழியும் உண்டு. 30 நாள். புலனாய்வுக் கோப்பைக் கேட்டால் 8(1)(எச்), அதாவது விசாரணைக்குத் தடையாகும், என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவல் தருவதால் அது எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-ல் பகத் சிங் வழக்கில் சொன்னதை முதல் மேல்முறையீட்டில் எழுதுங்கள். அதைவிடப் புத்திசாலித்தனம், ஓரத்துத் தாள்களைக் கேட்பது. ஆயுத அறைப் பதிவேட்டில் அன்று எந்த எண் துப்பாக்கி, எத்தனை தோட்டா வெளியே போனது, எத்தனை திரும்பியது. அந்த ஜீப்பின் லாக் புக்கில் கிலோமீட்டர். பொது நாட்குறிப்பின் அந்த நாள் பக்கம். ‘ஏன் சுட்டீர்கள்’ என்று கேட்காதீர்கள், இந்தச் சட்டம் ஆவணம் தரும், விளக்கம் தராது. லாக் புக் ஒன்றே ஒரு கதையைக் கவிழ்த்துவிடும்: போக வர 18 கிலோமீட்டர் ஆகும் இடத்துக்குப் போனதாகச் சொல்லும் வண்டி 60 ஓடியிருந்தால் மிச்சம் எங்கே போனது? ஐந்து மார்க். மெதுவானது, ஆனால் வேறு எங்கும் கிடைக்காததைத் தரும்.

மனித உரிமை ஆணையங்களில் ஒரு பொறி இருக்கிறது. போலீஸ் நடவடிக்கையில் மரணம் என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் 48 மணி நேரத்தில் தேசிய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், மூன்று மாதத்தில் பிரேதப் பரிசோதனை, விசாரணை விவரங்களோடு இரண்டாவது. இவை போனதா என்று கேளுங்கள். ஆனால் மாநில ஆணையம் முன் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. பதற்றத்தில் இரண்டுக்கும் ஒரே நாளில் அனுப்பினால், ஒன்று மற்றதைக் காட்டிக் கோப்பை மூடிவிடலாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாட்டில் மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்ததால், இழப்பீட்டைப் பொறுத்தவரை எங்கள் சாய்வு சென்னைப் பக்கம். ஓராண்டுக்குள் புகார் போய்விட வேண்டும்.

யாரும் அதிகம் பயன்படுத்தாத, நல்ல கவுன்டர் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. வழிமுறைகள் பின்பற்றப்படவில்லை என்று குடும்பம் நினைத்தால் அந்த எல்லைக்குரிய செஷன்ஸ் நீதிபதியிடம் புகார் தரலாம் என்பது 2014 தீர்ப்பின் கடைசி வழிமுறை. மதுரைக்கு வக்கீல் பிடித்துப் போகும் செலவில்லை. எந்த வழிமுறை, எந்தத் தேதியில், எந்தத் தாளின்படி மீறப்பட்டது என்று மட்டும் எண் போட்டு எழுதினால் இரண்டு பக்கத்தில் முடியும். வக்கீல் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம் என்பதால், மனுவை இறந்தவரின் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ போடுவது நல்லது.

விசாரணை ஆணையத்துக்குக் குறைந்த மார்க்கே. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று நடந்த சூட்டுக்கு நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம்தான் வந்தது. உள்ளடக்கம் கடுமையானது, போலீஸ் அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டியது. ஆனால் பரிந்துரை என்பதோடு அதன் அதிகாரம் நின்றுவிடுகிறது. இந்த மாவட்டத்துக்கு ஆணையங்கள் புதிதும் அல்ல. மண்டைக்காட்டுக் கலவரத்துக்கு 1982-ல் வேணுகோபால் ஆணையம். அதற்கும் முன்னால், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் போராட்டத்தின் மேல் சுட்டபோது, சுட்ட அரசு தன் கட்சி அரசாக இருந்தும் திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை பதவி விலக வேண்டும் என்று கேட்டார் சோஷலிஸ்ட் தலைவர் லோகியா. அரசியலில் அப்படி ஒரு சேவை இப்போது கிடைப்பதில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முதலில் செய்ய வேண்டியது: கேமரா. போலீஸ் ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம், குறைந்தது ஓராண்டு வைக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் வந்த உத்தரவு. அதே ஆண்டு சாத்தான்குளத்தில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் தினமும் தானாக அழியும்படி கேமரா அமைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட் அறிக்கை எடுத்துச் சொன்னது. கடை, பெட்ரோல் பங்க், சர்ச், கோயில் கேமராக்களின் டி.வி.ஆர். (பதிவுப் பெட்டி) சில நாளிலோ சில வாரத்திலோ பழையதன் மேல் புதியதைப் பதிந்துவிடும். சம்பவ இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை வழியில் உள்ள ஒவ்வொரு கேமராவையும் எழுதிக்கொள்ளுங்கள். டி.வி.ஆர். காட்டும் கடிகாரத்தையும் உங்கள் செல்போன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் வருமாறு போட்டோ எடுங்கள். அந்த டப்பாக்கள் பத்து நிமிடம் முன்பின் ஓடுவது வழக்கம், பிறகு நீதிமன்றத்தில் அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் குறுக்கு விசாரணை நடக்கும். பதிவுகளைப் பாதுகாக்கக் கோரும் கடிதத்தைக் கண்காணிப்பாளருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். ரசீதில் மை சீக்கிரம் மங்கிவிடும், உடனே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.